கடல் கடந்த குழந்தையும் நமது சட்டமும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்து பிழைக்கும் தொழிலாளர் பலர். அவர்களுள் ஒருவன் மனைவியோடு பிணங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்னாவுக்கு ரயிலேறிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். 1890-ம் வருஷத்துக் கார்டியன் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசித்துவந்த இடத்து ஜில்லாக் கோர்ட்டுக்கே விசாரணை அதிகாரம் உண்டு. ஆகவே அத்தாய் திருவள்ளூரில் மனுச் செய்யலாம். சென்னை ஹைக்கோர்ட்டில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். வழி நெடியதுதான், ஆயினும் வழி இருக்கிறது.

அவன் ஏறியது சிங்கப்பூர் விமானமாயிருந்தால்? அங்கே அவளுக்கு உதவக்கூடிய சர்வதேச ஏற்பாடு ஒன்று அமுலில் இருக்கிறது. ஆனால் அது அவளுக்குக் கிட்டாது. ஏனெனில் 1980 அக்டோபர் 25-ல் ஏற்பட்ட ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேர்ந்திருக்கிறது, இந்தியா சேரவில்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் அகதிகளின் தாய்நாடான இலங்கைகூட 2001-லேயே சேர்ந்து தனிச் சட்டமும் இயற்றிவிட்டது. அயல்நாட்டில் வக்கீல் வைத்து வழக்காடுவது தொழிற்பேட்டைக் கூலியில் நடக்கிற காரியமா?

அவ்வுடன்படிக்கை தாய் நல்லவளா, தகப்பன் நல்லவனா என்று தீர்ப்பதில்லை. குழந்தை எந்த நாட்டில் வழக்கமாய் வசித்ததோ அந்நாட்டு நியாயஸ்தலமே அதைத் தீர்க்கட்டும் என்று திருப்பியனுப்புகிறது. ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்தால் திருப்பியனுப்புவதே விதி. குழந்தைக்குக் கடும் ஆபத்து நேருமானால் மறுக்கலாம்.

நமது நாட்டிலோ விதியே நிலையாக இல்லை. 2012-ல் ஒரு தாய் இங்கிலாந்திலிருந்து இரு பெண்குழந்தைகளுடன் கோயம்புத்தூர் வந்து, இங்கே விவாகரத்து வழக்குத் தொடர்ந்தாள். குழந்தைகளைத் திரும்ப அழைத்துவர லண்டன் கோர்ட் உத்தரவிட்டது. சென்னை ஹைக்கோர்ட் தகப்பனின் மனுவைத் தள்ளியது. 2015 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், லண்டன் உத்தரவை மதித்துக் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லும்படி கூறியது. இரண்டே வருஷம் கழித்து, 2017 ஜூலையில், வேறொரு வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அக்கொள்கையை ஏற்க மறுத்தனர். அயல்நாட்டு உத்தரவு கவனிக்கத்தக்க அம்சங்களில் ஒன்றே, குழந்தையின் க்ஷேமமே பிரதானம் என்றனர். பின் சொன்னதே நமக்கும் உகந்தது. ஆனால் க்ஷேமம் என்ன என்பதை ஒவ்வொரு கோர்ட்டும் புதிதாக ஆராய வேண்டியிருப்பதால் வருஷங்கள் ஓடுகின்றன. அதற்குள் குழந்தை ஒரு பாஷையை மறந்து மறுபாஷை கற்று, பெற்றோரில் ஒருவரின் முகத்தையும் மறந்துவிடுகிறது. பிறகு தீர்ப்பைச் சொல்வது நீதிபதியல்ல, காலண்டர்.

சர்க்கார் தயங்கியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. உடன்படிக்கையை வகுத்தவர்கள் குழந்தையைக் கடத்தும் தகப்பன்மாரையே பெரும்பாலும் மனத்திற் கொண்டிருந்தனர். நடைமுறையில் குழந்தையுடன் வெளியேறுவோரில் தாய்மாரே அதிகம். அடி உதைக்கு அஞ்சிப் பிறந்தகம் ஓடிவரும் பெண்ணை, விசாவும் வருமானமும் இல்லாத நாட்டுக்குத் திருப்பி விரட்டுவது நியாயமல்ல என்ற ஆட்சேபத்தை நாம் முழுமனத்துடன் ஒப்புகிறோம். 2016-ல் லா கமிஷன் தயாரித்த மசோதா, குழந்தையைக் கொண்டுவருவோருக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது. அதை நாம் ஆதரியோம். ஆனால் ஓடிவரும் தாயைக் காக்கவேண்டும் என்பதற்காக, குழந்தையைப் பறிகொடுத்த தாயைக் கைவிடலாமா? இருவரும் நம் பெண்களே.

நீதிபதி ராஜேஷ் பிந்தல் கமிட்டி 2018-ல் அறிக்கை சமர்ப்பித்தது. இத்தகைய தகராறுகளைத் தீர்க்கத் தனி அதிகார ஸ்தாபனம் வேண்டுமென்பது அதன் யோசனை. வீட்டுக் கொடுமையைத் திருப்பியனுப்ப மறுக்கும் காரணமாகத் தெளிவாய் எழுதி, விசாரணைக்குக் கெடு வைத்து, ஏழைகளுக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் அமர்த்தி, நமது சட்டத்தை நாமே இயற்றலாம்; கையெழுத்திடுவதைப் பிறகு யோசிக்கலாம். அறிக்கை என்னவாயிற்று என்று தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் பார்லிமெண்டில் அடுத்த கூட்டத்திலேயே கேட்கவேண்டும்.