தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி

2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், தில்லியின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. பதினோரு நாளில் அந்த உத்தரவு திருத்தப்பட்டது. கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம் என்றானது. வெறிபிடித்தவையும் ஆள்மீது பாய்பவையும் மட்டும் விலக்கு. நாய்களுக்காக ஒரு கட்சி, நாய்களுக்கு எதிராக ஒரு கட்சி என்று ஊரே மோதிக்கொண்டது. கடிபட்ட மனிதருக்குப் போடும் ஊசியைப் பற்றி மட்டும் யாரும் சண்டை போடவில்லை. இன்று அது கையில் குத்தும் சின்ன ஊசி. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிதான் நினைவுக்கு வரும்.

வயிற்றில் குத்திய வலியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். குப்பியில் என்ன இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. இருந்தது ஆட்டு மூளை.

1885இல் பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டர் தன் முதல் ரேபிஸ் தடுப்பூசியை முயலின் தண்டுவடத்திலிருந்து செய்தார். ரேபிஸ் கிருமி நரம்பில் வளர்வது. அதைப் பெருக்க அன்று வேறு வழியில்லை. 1911இல் இமயமலைச் சரிவிலுள்ள கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் இந்த முறையை எளிதாக்கினார். கிருமி ஏற்றப்பட்ட விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று, கரைசலாக்கினார். குளிர்சாதனமில்லாத ஊருக்கும் அனுப்பலாம், செலவும் குறைவு. நம் பக்கத்தில் இந்த ஊசிக்குப் பேர்போன இடம் குன்னூர். 1902இல் அங்கே லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அப்போது சிகிச்சை நிலையம் இருந்த கசௌலிக்குப் போய்ச் சேரும் அவகாசம் அவருக்கு இல்லை. தென்னிந்தியாவுக்கென்று தனியாக ஒரு பாஸ்டர் நிலையம் வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து எழுந்தது. 1907இல் அது குன்னூரில் திறக்கப்பட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 சதவீதக் கரைசல், நாளுக்கு 5 மில்லி, 14 நாள். மொத்தம் மூன்றரை கிராம் ஆட்டு மூளை ஒரு மனிதரின் தோலுக்கடியில் போகிறது. அவ்வளவு கரைசலை ஏற்க இடமுள்ள பகுதி என்பதால்தான் வயிறு.

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நம் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. சமிக்ஞை விரைந்து ஓடுவது அதனால்தான். அந்த உறையிலுள்ள புரதங்கள் பாலூட்டிகளிடையே பெரிதாக மாறுவதில்லை. ஆட்டுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே அச்சு. ரேபிஸ் கிருமியை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளும் உடல், கூடவே வந்த மையலினையும் எதிரியின் பட்டியலில் சேர்த்துக்கொண்டால்? பிறகு அது தன் நரம்பையே தாக்கும். தன்னுடல் தாக்குநோய் என்கிறோமே, அது இதுதான். ஊசி தொடங்கி இரண்டொரு வாரத்தில் சிலருக்குக் கால் செயலிழந்தது. சிலருக்கு மூளையும் தண்டுவடமும் வீங்கின. சில நூறு பேரில் ஒருவருக்கு என்றும், பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்றும் இடத்துக்கு இடம் கணக்கு மாறியது.

இதில் கொடுமையான ஓர் இக்கட்டு உண்டு. ரேபிஸ் எப்போதும் தண்ணீரைக் கண்டு அஞ்சும் வெறியாக வருவதில்லை. ஒரு பகுதி நோயாளிகளுக்கு அது சத்தமில்லாமல் காலிலிருந்து மேலேறும் வாதமாக வரும். நாய் கடித்து, பத்து ஊசி போட்டு, பதினோராம் நாள் கால் தூக்க முடியாமல் ஒருவர் வார்டில் படுத்திருக்கிறார். நாயா, ஊசியா? நாய் என்றால் சாவு உறுதி. ஊசி என்றால் பலர் பிழைத்துவிடுவார்கள்; மிச்ச ஊசிகளை நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்திவிட்டு, நாய் உண்மையிலேயே வெறிநாயாக இருந்துவிட்டால்? அந்தக் கட்டிலருகே நின்று முடிவெடுத்த மருத்துவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

விபத்தின் காரணம் அறிய 1930களில் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் ஒரு சோதனை செய்தார். கிருமியே இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். குரங்குகளுக்கு வாதம் வந்தது. ஆக, குற்றவாளி கிருமியல்ல, மூளை. இந்தச் சோதனையின் வழித்தோன்றல்களை வைத்துத்தான் பிற்காலத்தில், மையலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் நோய்க்கான சில மருந்துகள் கண்டறியப்பட்டன. தென் அமெரிக்காவில் 1950களில் இன்னொரு தந்திரம்: பிறந்து சில நாளே ஆன எலிக்குஞ்சின் மூளையில் மையலின் இன்னும் உருவாகியிருக்காது, அதில் தடுப்பூசி செய்தால் என்ன? விபத்து குறைந்தது, ஒழியவில்லை. வந்த வாதமும் வேறு மாதிரி. மூளையை விட்டு, கை கால்களுக்குப் போகும் புற நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே.

மூளையே இல்லாமல், வளர்ப்புச் செல்களில் கிருமியைப் பெருக்கும் தடுப்பூசி 1970களிலேயே வந்துவிட்டது. ஆனால் அதன் விலை இந்தியாவுக்கு எட்டவில்லை. காசுள்ளவர் கடையில் வாங்கிக் கையில் போட்டுக்கொண்டார். ஏழை அரசு மருத்துவமனையில் வயிற்றைக் காட்டினார். மத்திய அரசு ஆட்டு மூளை ஊசியை நிறுத்தியது 2004 டிசம்பரில். 2006இல், தோலுக்குள் இரண்டு இடத்தில் 0.1 மில்லி போட்டாலே போதும் என்று அனுமதி கிடைத்ததும் செலவு இறங்கியது. இருபது ஆண்டுக்கு மேல் தாமதம். அறிவியல் காத்திருக்கவில்லை, கருவூலம்தான் காத்திருந்தது.

இந்தக் கதையைச் சொல்லாமல் தடுப்பூசியால் நரம்புக்கு ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொல்பவர்கள்மீது எனக்கு நம்பிக்கையில்லை. இந்தக் கதையை மட்டும் சொல்லி எல்லாத் தடுப்பூசியையும் சந்தேகிப்பவர்கள்மீதும் இல்லை. இன்றைய குப்பியில் மூளை கிடையாது. அப்படியிருந்தும் தடுப்பூசிக்கும் நரம்பு நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று கேட்டால், எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

கில்லன்-பாரே ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. பெரும்பாலும் ஒரு தொற்றுக்குப் பின் வரும். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கேம்பிலோபேக்டர் கிருமியின் மேற்பரப்பில் நம் நரம்பிலுள்ள ஒரு கொழுப்பைப் போன்ற வடிவம் இருக்கிறது. கிருமியைத் தாக்கப் போன ஆன்டிபாடி நரம்பையும் தாக்குகிறது. 2025 ஜனவரியில் புனேயில் பரவிய கில்லன்-பாரேக்கும் இந்தக் கிருமியோடு தொடர்பு கண்டார்கள். தில்லியில் இரண்டு கோடிப் பேர் என்று வைப்போம். ஆண்டுக்கு 200 முதல் 400 பேருக்கு இந்நோய் வரும். அந்த இரண்டு கோடிப் பேருக்கும் ஒரே நாளில் வெறும் உப்புநீரை ஊசியாகப் போட்டாலும், அடுத்த ஆறு வாரத்தில் 23 முதல் 46 பேர்வரை கால் மரத்துப்போய் மருத்துவமனைக்கு வருவார்கள். ஒவ்வொருவரும் ஊசியைத்தான் குற்றம் சொல்வார். அதைவிடக் கூடுதலாக எத்தனை பேர் வந்தார்கள் என்பதே கேள்வி.

சில சமயம் கூடுதலாக வந்தது உண்மை. 1976இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்ட சுமார் நாலரைக் கோடிப் பேரில், லட்சத்துக்கு ஏறக்குறைய ஒருவருக்குக் கூடுதலாகக் கில்லன்-பாரே வந்தது, திட்டத்தையே நிறுத்தினார்கள். 2021இல் கேரளத்தின் மூன்று மாவட்டங்களில், கொரோனாவுக்கு நாம் கோவிஷீல்டு என்று போட்டுக்கொண்ட ஊசிக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் ஏழு பேருக்கு இந்நோய் வந்ததை அங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கும் முகத்தின் இரு பக்கமும் செயலிழந்திருந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 12 லட்சம். எதிர்பார்த்ததைவிட அதிகம்தான். இங்கிலாந்தில் பெரிய அளவில் எண்ணியபோது இதே ஊசியால் ஒரு கோடிப் பேருக்கு 38 பேர் கூடுதலாகப் பாதிக்கப்பட்டது தெரிந்தது. அதே ஆய்வில், கொரோனா தொற்று வந்தவர்களிடையே அந்தக் கூடுதல் எண்ணிக்கை 145.

தசை தளரும் இன்னொரு தன்னுடல் தாக்குநோயான மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்கு நரம்பு நன்றாகத்தான் இருக்கும். நரம்பின் செய்தி தசையில் இறங்கும் இடத்தில்தான் ஆன்டிபாடி குறுக்கே நிற்கும். இமை தொங்கும், மாலையானால் மெல்ல முடியாது. செயலிழக்கச் செய்த கிருமியிலான ஃப்ளூ ஊசி போன்றவற்றை இவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஃப்ளூ காய்ச்சலே வந்தால்தான் நோய் முற்றி மூச்சுத் தசைவரை போகும் ஆபத்து. மஞ்சள் காய்ச்சல் ஊசி விலக்கு. அதில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி. இந்நோயில் பெரும்பாலும் பழுதடையும் தைமஸ் சுரப்பியில் கோளாறுள்ளவர்களுக்கு அந்தக் கிருமியே ஆபத்தாகலாம். நாய்க்கடிக்கு இப்படி விலக்கே கிடையாது. வெறிநாய் கடித்தால் மயஸ்தீனியா இருப்பவரும், முன்பு கில்லன்-பாரே வந்தவரும் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் தில்லியிலிருந்து மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாட்டுக்கு விமானம் ஏறும் மயஸ்தீனியாக்காரர், ஊசிச் சான்றிதழுக்குப் பதிலாக விலக்குக் கடிதத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு கடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.