64 நாள் காணாமல்போன கிருமி: மரபணு எப்படிக் காட்டிக்கொடுத்தது?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ரோஸி மருத்துவமனை. அங்கே பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவு. 2011இல் அந்தப் பிரிவில் ஆறு மாதக் காலத்துக்குள் 12 குழந்தைகளிடம் எம்ஆர்எஸ்ஏ கிருமி தென்பட்டது.

எம்ஆர்எஸ்ஏ என்பது வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத பாக்டீரியா. உங்கள் மூக்கிலோ தோலிலோ அது சத்தமில்லாமல் இருக்கலாம். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குறைமாதக் குழந்தையின் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவமனைக்கு ஒரே ஒரு கேள்விதான். 12 பேரிடமும் இருப்பது ஒரே கிருமியா? இல்லை, வெவ்வேறு இடங்களிலிருந்து தற்செயலாக வந்தவையா?

ஒரே கிருமி என்றால் அது பிரிவுக்குள்ளேயே பரவுகிறது, உடனே தடுக்கணும். தற்செயல் என்றால் தேட வேண்டிய இடமே வேறு.

பழைய சோதனை ஏன் போதவில்லை?

எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்ப்பதுதான் வழக்கமான சோதனை. இது ஒருவரின் சட்டை நிறத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்வது மாதிரி. ஒரே நிறச் சட்டையைப் பல பேர் போட்டிருக்கலாமே!

போதாக்குறைக்கு, சில வாரங்கள் கிருமியே தென்படவில்லை. பிறகு மறுபடியும் வந்தது. அதனால் இது தொடர்ந்து நடக்கும் ஒரே பரவல் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மரபணு வரிசை என்ன செய்யும்?

பள்ளிக்கூடத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாணவர்களின் கட்டுரையில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால் ஆசிரியர் என்ன நினைப்பார்? ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியிருக்கணும், இல்லாவிட்டால் இருவரும் வேறொருவரைப் பார்த்து எழுதியிருக்கணும்.

கிருமியும் அப்படித்தான். எம்ஆர்எஸ்ஏ கிருமியின் மரபணுத் தொகுப்பு சுமார் 28 லட்சம் எழுத்துகள் கொண்டது. கிருமி பெருகும்போது அந்தத் தொகுப்பை நகல் எடுக்கிறது. எப்போதாவது ஓர் எழுத்து மாறிவிடும். இந்தக் கிருமியில் ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஓர் எழுத்து மாறுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இரண்டு பேரின் கிருமிகளுக்கிடையே சில எழுத்துகள் மட்டும் வேறுபட்டால், அவை நெருங்கிய சொந்தம். ஆயிரக்கணக்கில் வேறுபட்டால், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை.

ரோஸியில் தெரியவந்தது என்ன?

ஆய்வாளர்கள் சேமித்து வைத்திருந்த கிருமி மாதிரிகளை எடுத்து மரபணு வரிசையைப் படித்தார்கள். 12 அல்ல, மொத்தம் 26 பேரிடம் அதே வகைக் கிருமி இருந்தது. குழந்தைகளுக்கிடையே மட்டும் அல்ல, பிரசவத்துக்குப் பிந்திய வார்டில் தாய்மார்களுக்கிடையிலும், மருத்துவமனைக்கு வெளியிலும் அது பரவியிருந்தது.

இதற்கிடையே பிரிவு முழுவதும் தேய்த்துக் கழுவிச் சுத்தம் செய்யப்பட்டது. 64 நாள் யாரிடமும் எம்ஆர்எஸ்ஏ இல்லை. அப்பாடா என்று மூச்சு விடும் நேரத்தில் இன்னொரு குழந்தையிடம் தென்பட்டது. வரிசையைப் படித்தால், அதே பழைய கிருமி!

கழுவிய அறைக்குள் அது எப்படி வந்தது? யாரோ ஒருவர், தமக்கே தெரியாமல், அதைச் சுமந்துகொண்டிருக்கணும். ஊழியர்கள் 154 பேரைச் சோதித்தார்கள். ஒருவரிடம் எம்ஆர்எஸ்ஏ இருந்தது. மரபணு வரிசையும் பொருந்தியது.

அப்படியென்றால் அவர் குற்றவாளியா?

இல்லை. அவருக்கு நோய் இல்லை, தம்மிடம் கிருமி இருப்பதும் தெரியாது. அவரும் அதை வேறு யாரிடமிருந்தோ பெற்றவர்தான். இப்படிச் சுமப்பவர்களுக்கு மூக்கில் தடவும் மருந்தும் கிருமிநாசினிக் குளியலும் கொடுத்துக் கிருமியை அகற்ற முயல்வார்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. மரபணு வரிசை "இந்த இரண்டும் சொந்தம்" என்று சொல்லும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை அது மட்டுமே சொல்லிவிடாது. யார் எந்தப் படுக்கையில், எந்தத் தேதியில் இருந்தார் என்ற பதிவுகளும் வேண்டும். இரண்டையும் சேர்த்தால்தான் கதை முழுமையாகும்.

சிங்கப்பூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பச்சை மீன் விவகாரம் நினைவிருக்கா? 2015இல் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமித் தொற்று இங்கே திடீரென அதிகரித்தது. வழக்கமாகப் பச்சிளம் குழந்தைகளையும் முதியவர்களையும் நாட்பட்ட நோய் உள்ளவர்களையும் தாக்கும் கிருமி அது. அந்த ஆண்டு ஆரோக்கியமாக இருந்த பெரியவர்களும் பாதிக்கப்பட்டார்கள்.

நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியின் வரிசையும் மீனிலிருந்து எடுத்ததும் ஒத்துப்போயின. எஸ்டி283 என்ற வகை அது. பச்சையாகப் பரிமாறப்பட்ட நன்னீர் மீன்தான் காரணம் என்று தெரிந்தது. 2015 டிசம்பரில், பச்சை நன்னீர் மீன் உணவுவகைகளை விற்பதற்கு உணவுக் கடைகளுக்குத் தடை வந்தது.

நாம் என்ன செய்யலாம்?

மரபணு வரிசையைப் படிப்பது ஆய்வுக்கூடத்தின் வேலை. கிருமியைக் கொண்டுபோகாமல் இருப்பது நம்முடைய வேலை.

▪ பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும் ஆசை எல்லோருக்கும் உண்டு. தூக்குவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முத்தம் கொடுப்பது கொஞ்சம் காத்திருக்கட்டும்.

▪ காய்ச்சல், இருமல், தோலில் புண் ஏதாவது இருந்தால் தாத்தா பாட்டி இருக்கும் வார்டுக்கோ தாதிமை இல்லத்துக்கோ போகாதீர்கள். வீடியோ கால் போதும்.

▪ கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கும் மீனை நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லத் தோன்றும். ரோஸியில் கிருமியைச் சுமந்தவரும் நன்றாகத்தான் இருந்தார்.