மார்க் எங்கே போச்சு?

செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று புதுச்சேரி தேங்காய்த்திட்டு டீக்கடைகளில் காதில் விழுவது ஒரே வசனம்தான்: "நல்லாதான் எழுதினேன், எப்படி அரியர் விழுந்துச்சுன்னே தெரியல." தெரியாமலேயே மறுபடி தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள், அதே நோட்ஸை அதே மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள், அதே கேள்வியில் மறுபடி சறுக்குகிறார்கள். திருத்திய விடைத்தாளைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அதைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

2008இல் சி.பி.எஸ்.இ. தேர்வு எழுதிய ஆதித்யா பந்தோபாத்யாய் என்ற மாணவர், மதிப்பெண் குறைந்துவிட்டதாக நினைத்துத் தன் விடைத்தாளைக் கேட்டார். வாரியம் மறுத்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றது. வாரியம் உச்ச நீதிமன்றம் போனது. 2011 ஆகஸ்ட் 9 அன்று அங்கேயும் அவரே வென்றார். திருத்திய விடைத்தாள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 'தகவல்'. எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம் என்றது தீர்ப்பு. திருத்தியவர் யார் என்பதை மட்டும் மறைத்துவிடலாம்.

தீர்ப்பில் ஒரு கொக்கியும் உண்டு. விடைத்தாளைப் பாதுகாத்து வைக்கும் காலம் முடிந்து அழித்துவிட்டால், உரிமை இருந்தும் பயனில்லை. ஆகவே ரிசல்ட் வந்த வாரமே விண்ணப்பியுங்கள்.

புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம். அதன் இணைப்புக் கல்லூரியில் படிப்பவர், காலாப்பட்டிலுள்ள பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. பதிவு எண், பாடக் குறியீடு, தேர்வு மாதம் மூன்றையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக இணைக்கலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்று வைத்தால் கட்டணமில்லை. ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "எங்களுக்கென்று தனிக் கட்டணம் இருக்கிறது, அதைக் கட்டினால்தான் நகல்" என்று சொன்னால், கம்பெனி செயலர்கள் தேர்வு வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டுங்கள்: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணமே.

30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். அங்கும் கதவு திறக்காவிட்டால் 90 நாளுக்குள் டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையம். தகுந்த காரணமின்றி இழுத்தடிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் உண்டு.

நகல் வாங்குவது வேறு, மறுமதிப்பீடு வேறு. பல்கலைக்கழக விதியில் இடமிருந்தால்தான் மறுமதிப்பீடு. அதற்குத் தனி விண்ணப்பம், தனி கடைசி தேதி. நகலுக்காகக் காத்திருந்து அந்தத் தேதியைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். "ஆள் இருக்கு, பாஸ் போட்டுத் தரேன்" என்று பணம் கேட்பவரிடம் மட்டும் சிக்காதீர்கள். பணமும் போகும், கொடுத்தவர் மீதே வழக்கும் வரலாம்.

விடைத்தாள் கைக்கு வந்ததும் முதலில் கூட்டலைச் சரிபாருங்கள், திருத்தாமல் விட்ட பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு வினாத்தாளைப் பக்கத்தில் வைத்து உங்கள் பதிலை அந்நியர் ஒருவர் எழுதியதுபோல் படியுங்கள். 'விளக்குக' என்று கேட்டதற்கு 'வரையறு' அளவில் நிறுத்தியிருப்பீர்கள்; 2 மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, 10 மதிப்பெண்ணுக்கு நேரமில்லாமல் ஓடியிருப்பீர்கள். கோச்சிங் சென்டர் எதிலும் கிடைக்காத பாடம் இது, அதுவும் உங்கள் கையெழுத்திலேயே. சந்தேகம் மிஞ்சினால் அந்தத் தாளோடு பாட ஆசிரியரிடம் போய், "சார், இந்தக் கேள்விக்கு என்ன எழுதியிருக்கணும்?" என்று கேளுங்கள்.