கூனலுக்குப் பெற்றோர் மட்டுமா காரணம்?

கில்ட்ஹெட் சீப்ரீம், கண்களுக்கு நடுவே தங்கப் பட்டை மின்னும் மீன். கிரேக்கம், துருக்கி, ஸ்பெயின் கடற்கரைகளில் கூண்டுகளில் பெருமளவு வளர்க்கிறார்கள். பெரும்பாலும் முழு மீனாகவே கடைக்கு வருவதால் உருவம் கெட்டால் விலையும் விழும். முதுகு கூனியதையும் செவுள் மூடி மடங்கியதையும் குஞ்சுப் பருவத்திலேயே கையால் பொறுக்கி நீக்குகிறார்கள்.

கூனலைப் பார்த்ததும் பரம்பரைமேல் பழிபோடத் தோன்றும். அதற்குமுன் தொட்டியைப் பார்க்க வேண்டும். சீப்ரீமும், அதே பண்ணைகளில் வளரும் ஐரோப்பிய சீபாஸும் முட்டை பொரிந்த சில நாட்களில் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கும். நீச்சல்பை முதன்முதலில் நிரம்புவது அப்படித்தான். தீவனத்தின் எண்ணெய் மேலே படலமாகப் படிந்துவிட்டால் அந்தச் சின்னஞ்சிறு உயிரால் அதைத் துளைக்க முடியாது. பை நிரம்பாத குஞ்சு, மூழ்கிவிடாமலிருக்க ஓயாமல் வாலடித்துச் சாய்வாக நீந்தும். தசைகள் இழுத்து இழுத்து இளம் முதுகெலும்பு வளைந்துவிடும். எண்ணெயை வழித்தெடுக்கும் அமைப்புகளைத் தொட்டிகளில் பொருத்திய பின் இந்தக் கூனல் வெகுவாகக் குறைந்தது. அதற்காக மரபணுவை யாரும் தொடவில்லை. நீச்சல்பை நன்றாக நிரம்பிய சீபாஸ்கூட நீரோட்டம் கடுமையாக இருந்தால் கூனக்கூடும்.

மரபுக்கும் பங்கு உண்டு. சீப்ரீமின் முதுகு மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் அடுத்தடுத்து நெளியும் ஒரு குறை, குறிப்பிட்ட குடும்பங்களை ஒட்டி வருவதை 2000-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

குடும்பத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சீப்ரீம் முதலில் ஆண். வளர்ந்தபின் பல மீன்கள் பெண்ணாக மாறும்; இன்று தந்தையான மீன் பின்னர் தாயாகலாம். ஒரே தொட்டியில் கூட்டமாக முட்டையிடுவதால் எந்தக் குஞ்சு யாருடையது என்பதை டி.என்.ஏ. பரிசோதனைதான் சொல்ல வேண்டும். சோதித்தால், சில பெற்றோரே பெரும்பாலான குஞ்சுகளுக்குக் காரணமாயிருப்பது தெரியவரும். கவனிக்காமல் விட்டால் அடுத்த தலைமுறையில் உடன்பிறந்தவையே இணைசேரும். இது எனக்குக் கூனலைவிடக் கவலை தருகிறது.

பெற்றோரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதும் முக்கியம். எடைக்கும் நீளத்துக்கும் இடையிலான மரபுத் தொடர்பு மிக வலுவானது. எடைக்காகத் தேர்ந்தெடுத்தால் நீளமும் கூடவே வரும். ஆனால் நீளத்தோடு ஒப்பிடும்போது உடல் எவ்வளவு உயரம் என்பதும் ஓரளவு மரபுவழி இறங்குவதே. தராசை மட்டும் நம்பும் பண்ணை, தன் மீனின் வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதைக் கவனிக்காமல் போகலாம். புகைப்படத்தில் மூக்கு, கண், துடுப்புகள், வால் ஆகியவற்றில் புள்ளி குறித்து அளப்பது இதற்கு உதவும். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. பார்வைக்கு நேராயிருக்கும் மீனிலும் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதை எக்ஸ்ரே காட்டுகிறது. அடுத்த தலைமுறைக்கான பெற்றோர் மீன்களை எக்ஸ்ரே எடுக்காமல் தேர்ந்தெடுக்கவே கூடாது.