பொத்தான் ரெச்சட்டா, சாதா ரெச்சட்டா?

கண்டி நகரில் கராஜ்காரர்களுக்கான கைக்கருவிகளை விற்று வருபவன் நான். முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. விற்ற பொருள் கடைக்குத் திரும்பி வருவது எமது தொழிலில் புதினமல்ல. உடைந்து வரும், வளைந்து வரும், சிலவேளை பெட்டியே திறக்கப்படாமல் “சைஸ் பிழைச்சிப் போச்சு” என்று வரும். ஆனால் எந்தப் பழுதுமில்லாமல் பளபளவென்று திரும்பி வந்த ஒரு பொருள் என்னைத் தலைகுனிய வைத்தது ஒரே ஒரு தடவைதான்.

அது ஒரு ரெச்சட். கொண்டு வந்தவர் அக்குறணைப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு சகோதரர். அவரது வாப்பா காலத்திலிருந்தே எனது கடையின் வாடிக்கையாளர்கள். சனிக்கிழமை அஸருக்குப் பின்னர், கணக்குப் பார்த்துக் கொண்டிருந்த நேரம் வந்தார். ரெச்சட்டை மேசை மீது வைத்தார். “நானா, இந்தச் சாமான நீங்க கைல புடிச்சி ஒரு நாளாவது வேல செஞ்சி பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார். கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. செய்து பார்த்ததில்லை என்பதுதான் பதில்.

நடந்தது இதுதான். ஒரு டொல்பின் வேனுக்கு டைமிங் பெல்ட் மாற்றியிருக்கிறார்கள். அந்த வேனில் எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழே கிடக்கும். முன்னால் ரேடியேட்டர். கை நுழைவதே கஷ்டம். டென்ஷனர் போல்ட்டை இறுக்கும்போது ரெச்சட்டின் முதுகிலிருந்த பொத்தான் பின்னாலிருந்த தகட்டில் அமர்ந்து விட்டது. பொத்தான் அமர்ந்தால் சொக்கட் விடுபடும், அதற்காகத்தானே பொத்தான். விடுபட்ட சொக்கட் கீழே விழுந்தது. வேலை செய்த பொடியன் அது தரையில் விழுந்திருக்கும் என்று நினைத்து, வேறு பெட்டியிலிருந்து இன்னொரு சொக்கட்டை எடுத்து வேலையை முடித்து, கவரையும் பூட்டி விட்டான். எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் உள்ளே கிடந்த சொக்கட் பெல்ட்டுக்குள் அகப்பட்டு, பெல்ட் பல் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்து விட்டன. ஹெட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று. வேன்காரருக்கு ஒரு சதம் கூடச் சொல்லாமல் முழுச் செலவையும் கராஜ்தான் ஏற்றுக் கொண்டது.

சொக்கட்டுகளை எண்ணிப் பார்க்காமல் கவரைப் பூட்டியது கராஜின் தவறு. அதை அவரே ஒப்புக் கொண்டார். ஆனால் அந்த ரெச்சட்டை விற்றபோது நான் சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. “தம்பி, இது புது டைப். பழையத விட இதுதான் நல்லம்.” எதற்கு நல்லம், எங்கே நல்லம் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவும் இல்லை. கொழும்பு பழைய சோனகத் தெருவில் மொத்தமாக எடுத்த இடத்தில் எனக்குச் சொன்னதையே நான் அவருக்குச் சொன்னேன்.

கராஜ் வேலை தெரியாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நட், போல்ட்டின் தலையை மூடிப் பிடிக்கும் கிண்ணம் போன்ற துண்டுதான் சொக்கட். அதைத் திருப்பும் கைப்பிடிதான் ரெச்சட். உள்ளே பற்சக்கரம் இருப்பதால் ஒரு பக்கம் இறுக்கும், மறுபக்கம் டிக் டிக் என்று சும்மா திரும்பி வரும். கையை எடுக்காமலே வேலை நடக்கும். ரெச்சட்டின் தலையில் ஒரு சதுரக் கட்டை இருக்கும். கால் இஞ்சி, முக்கால் அரை இஞ்சி, அரை இஞ்சி என்று மூன்று அளவுகள் எமது கராஜ்களில் ஓடுகின்றன. முக்கால் அரை என்று நம்மவர்கள் சொல்வது எட்டில் மூன்று பங்கு இஞ்சியை. அந்தச் சதுரத்தின் பக்கத்தில் ஒரு சிறு குண்டு துருத்திக் கொண்டிருக்கும். சொக்கட்டின் உட்புறத்தில் அதற்கென்று ஒரு குழியோ துளையோ இருக்கும். குண்டு குழியில் அமர்ந்து சொக்கட்டைப் பிடித்துக் கொள்ளும்.

சாதா ரெச்சட்டில் அந்தக் குண்டைத் தள்ளுவது ஒரு ஸ்பிரிங் மட்டுமே. பலமாக இழுத்தால் சொக்கட் கழன்று வரும். பொத்தான் ரெச்சட்டில் சதுரக் கட்டையின் நடுவே ஒரு துளை போட்டு, அதற்குள் ஒரு ஊசி வைத்திருப்பார்கள். ஊசி குண்டைப் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்து நிற்கும். பொத்தானை அமர்த்தினால் ஊசி நகர்ந்து, குண்டு உள்ளே போக இடம் கிடைக்கும். அப்போதுதான் சொக்கட் விடும். அமர்த்தாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் விடக் கூடாது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின்னர் அடுத்த வாரத்தில் இரண்டு நாட்கள் கடையை மகனிடம் விட்டு விட்டு அவரது கராஜில் போய் நின்றேன். பொடியன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகி விட்டார்கள். ஐம்பது வயது தாண்டியவன் சாரத்தை மடித்துக் கட்டிக் கொண்டு லொறிக்குக் கீழே மல்லாந்து படுத்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்.

லொறிக்குக் கீழே படுத்த போதுதான் பொத்தானின் பெறுமதி எனக்கு விளங்கியது. மேலே பார்த்துக் கொண்டு வேலை செய்யும்போது சாதா ரெச்சட்டில் தேய்ந்த குண்டு என்றால் சொக்கட் நேரே முகத்தில் விழும். அரை இஞ்சி சதுரத்துக்குரிய பெரிய சொக்கட் ஒன்று பல்லில் விழுந்தால் என்னவாகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. பொத்தான் ரெச்சட்டில் அந்தப் பயமில்லை. கையெல்லாம் ஒயில். ஒரு கையில் கியர் பொக்ஸைத் தாங்கிக் கொண்டு மறு கையால் மட்டும் சொக்கட் மாற்ற வேண்டும். பெருவிரலால் ஒரு அமர்த்து, சொக்கட் கழன்று விடுகிறது. சாதா ரெச்சட்டில் என்றால் இரண்டு கையும் வேண்டும், துணித் துண்டும் வேண்டும். திரீவீலர் திருத்துபவர்களுக்கும் இது பொருந்தும். சின்னச் சின்ன நட்டுகள், பத்து நிமிடத்துக்குள் ஐந்தாறு தடவை சைஸ் மாற வேண்டிய வேலை.

எஞ்சின் அறைக்குள் கதை வேறு. அங்கே ரெச்சட்டின் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது ஒன்று இருக்கும். தகடு, குழாய், ஃபேன். கையால் பார்க்க முடியாத இடத்தில் பொத்தான் எதில் முட்டுகிறது என்று எவருக்கும் தெரியாது. டைமிங் கவர் திறந்திருக்கும்போதும், மெனிஃபோல்ட் கழற்றிய துளைகளுக்கு மேலேயும், கிளட்ச் பக்கமும் சாதா ரெச்சட்டே பாதுகாப்பு என்பது எனது அபிப்பிராயம். அதில் அமர்த்துவதற்கு ஒன்றுமேயில்லை. பொத்தான் ரெச்சட்தான் வேண்டுமென்றால், பொத்தான் தலைக்கு மேலே எழுந்து நிற்காமல் குழிக்குள் அமிழ்ந்திருக்கும் வகையைப் பார்த்து எடுக்க வேண்டும். விரல் நுனி போகும், தகடு போகாது. விற்பவர்களில் எத்தனை பேர் இதைக் காட்டுகிறார்கள்? நானே காட்டியதில்லையே.

இன்னொன்றையும் அங்கேதான் கற்றுக் கொண்டேன். நீளமான எக்ஸ்டென்ஷன் பார் போட்டு வேலை செய்யும்போது, பொத்தான் பூட்டிப் பிடிப்பது பாரை மட்டும்தான். பாரின் மறுமுனையிலுள்ள சொக்கட்டைப் பிடித்திருப்பது அங்கேயுள்ள சாதாரண ஸ்பிரிங் குண்டுதான். “பொத்தான் ரெச்சட் வாங்கினேன், சொக்கட் உள்ளே கழன்று நிற்கிறதே” என்று முன்னர் சிலர் முறைப்பாடு சொன்னபோது, சாமானில் பழுது என்று நினைத்து மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பழுது எதுவும் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது பூட்டுள்ள எக்ஸ்டென்ஷன் பார். அதுவும் சந்தையில் இருக்கிறது, கேட்பவர்தான் குறைவு.

இந்தப் பொத்தானுக்கே ஒரு வியாபார வழக்கு உண்டு. எமது வியாபாரிகள் அறிந்திருக்க வேண்டியது என்பதால் எழுதுகிறேன். 1963இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் கார்ட்னர் என்ற ஊரில், சியர்ஸ் கடையொன்றில் விற்பனையாளராக இருந்த பீற்றர் ரொபர்ட்ஸ் என்ற 18 வயது இளைஞர் ஓய்வு நேரத்தில் இதைச் செய்து பார்த்தார். ஒரு கையால் சொக்கட் மாற்ற வேண்டும் என்பதே அவரது நோக்கம். 1964இல் அதைக் கம்பனிக்குக் காட்டினார். இது புதிதல்ல, செய்வதற்கு ஒன்றுக்கு 40, 50 சதம் செலவாகும், பெரிதாக விற்காது என்ற தோரணையில் கம்பனி பேசியது. உண்மையில் செலவு 20 சதமளவில்தான் என்பதும், பொருள் புதியது என்பதும் கம்பனிக்குத் தெரிந்திருந்தது. 1965இல் ஒன்றுக்கு 2 சதம் வீதம், மொத்தம் 10,000 டொலருக்கு மேற்படாமல் என்று ஒப்பந்தம் எழுதி உரிமையை வாங்கியது. ஒன்பது மாதத்துக்குள் ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்று அந்தத் தொகை முடிந்து விட்டது. 1975 வரையில் விற்றவை ஒரு கோடியே 90 இலட்சத்துக்கும் அதிகம். ரொபர்ட்ஸ் 1969இல் வழக்குப் போட்டார். ஜூரிமார் அவருக்கு 10 இலட்சம் டொலர் கொடுக்கச் சொன்னதை 1978இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. அத்துடன் முடியவில்லை. உரிமை பற்றிய வழக்குகள் மேலும் நீண்டு 1989இல்தான் இணக்கத்துக்கு வந்தார்கள். 18 வயதில் தொடங்கிய விடயம் அவரது நாற்பதுகளில் முடிந்தது.

வாங்குபவர் விற்பவரிடம் உண்மையை மறைத்த கதை அது. எனது கதையில் விற்பவன் நான். நான் மறைக்கவில்லை, ஆனால் தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னேன். வாடிக்கையாளருக்கு ஏற்பட்ட நஷ்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்றைய நிலையில் இது சிறிய விடயமுமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இந்த இடைக்காலத்தில் பழைய வேன், பழைய லொறிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். கடுகண்ணாவை ஏற்றமும் மஹியங்கனைப் பாதையின் வளைவுகளும் வாகனத்தைச் சும்மா விடுவதில்லை. 2022இல் ரூபா விழுந்ததோடு கருவிகளின் விலையும் ஏறியது. முன்பு ஒரு கராஜ் பொடியன் இரண்டு ரெச்சட்டும் வாங்கி வைத்துக் கொள்வான். இப்போது ஒன்றுதான் வாங்க முடிகிறது. அந்த ஒன்று எது என்பதை அவன் என்னிடம்தான் கேட்கிறான்.

ஆகவே இப்போது நான் முதலில் கேட்பது, “தம்பி, என்ன வேல செய்றீங்க?” என்பதைத்தான். கீழே படுத்துச் செய்யும் வேலையும் திரீவீலர் வேலையும் என்றால் பொத்தான். எஞ்சின் திறப்பவர் என்றால் சாதா. இரண்டும் செய்பவர் என்றால் முக்கால் அரையில் அமிழ்ந்த பொத்தானும், வசதி வரும்போது அரை இஞ்சியில் சாதாவும். கால் இஞ்சிச் சிறிய ரெச்சட்டில் பொத்தானை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. மெல்லிய சதுரத்தின் நடுவே துளையும் போட்டால் மிச்சமிருக்கும் இரும்பு எவ்வளவு?

வாங்குபவர் தனது பழைய சொக்கட் இரண்டையாவது கையோடு கொண்டு வருவது நல்லது. மாட்டி, பொத்தானைத் தொடாமல் இழுத்துப் பாருங்கள். கழன்றால் அந்தப் பூட்டினால் பயனில்லை. பெரும்பாலும் பிழை சொக்கட்டில்தான் இருக்கும். மலிவான செட்டுகளில் உட்குழி ஆழமில்லாமல், சிலவற்றில் குழியே இல்லாமல் வருகிறது. குரோம் வனேடியம் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம், அச்சடிப்பதற்குச் செலவில்லை.

பற்களின் எண்ணிக்கையைப் பற்றியும் கேட்கிறார்கள். 72 பல் என்றால் 5 பாகை அசைத்தாலே அடுத்த பல் பிடிக்கும். 24 பல்லுக்கு 15 பாகை வேண்டும். இடுக்கான இடத்துக்கு 72 நல்லம். ஆனால் துருப்பிடித்த நட்டை உடைத்துத் திறக்க எந்த ரெச்சட்டையும் பாவிக்காதீர்கள், பைப் போட்டு நீட்டவும் வேண்டாம். அதற்குப் பவர் பார் இருக்கிறது. பொத்தான் துளைக்குள் மண்ணும் கிரீஸும் போனால் பொத்தான் இறுகி விடும். மாதம் ஒரு தடவை மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு சொட்டு மெல்லிய ஒயில் விட்டால் போதும்.

அந்தச் சகோதரரின் செலவில் பாதியை நான் தருவதாகச் சொன்னேன். அவர் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை வற்புறுத்திய போது, பொத்தான் ரெச்சட்டை வைத்துக் கொண்டு அதனுடன் ஒரு சாதா ரெச்சட்டை மட்டும் வாங்கிச் சென்றார். பிறகு அவரது கராஜுக்குப் போனபோது பார்த்தேன். எஞ்சின் மேசைக்கு மேலே சாதா தொங்குகிறது, பொத்தான் ரெச்சட் குழிக்குள் இறங்கும் படியருகே தொங்குகிறது. சொக்கட் பெட்டியில் ஒவ்வொரு குழிக்கும் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பொட்டு. கவர் பூட்டுவதற்கு முன்னர் சிவப்பு ஏதாவது தெரிகிறதா என்று பொடியன் குனிந்து பார்க்கிறான்.