மூதாட்டிகளின் சிறுநீர்க் கசிவு: வரிச் சலுகைக்கே எட்டு ஆண்டுகள்

கொச்சி: போர்ட் கொச்சி கடற்கரை நடைபாதையில் மாலை வேளைகளில் நடப்போருக்குக் குறைவில்லை. ஆனால், இருமினாலே சிறுநீர் கசியும் மூதாட்டிகள் வீட்டு வாசலைத் தாண்டவே தயங்குவர்.

மகப்பேறும், மாதவிலக்கு நின்றபின் ஏற்படும் மாற்றங்களும் இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்துகின்றன. வெளியே கழிப்பறை கிடைக்குமோ என்ற அச்சத்தில் நடமாட்டம் குறைகிறது, கால்கள் வலுவிழக்கின்றன. பின்னர், வீட்டுக் கழிப்பறைக்கே உரிய நேரத்தில் செல்ல முடிவதில்லை. இரவில் அவசரமாக எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிவதும் உண்டு.

கேரள மக்களில் 60 வயதைக் கடந்தோர் 16.5 சதவீதம் என்பது 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. அடுத்த இடம் தமிழகத்துக்கு: 13.6 சதவீதம். மூத்த குடிமக்கள் ஆணையம் அமைக்க 2025 மார்ச்சில் மசோதா நிறைவேற்றி, கேரளம் நாட்டுக்கே முன்னோடியானது.

ஜி.எஸ்.டி. பட்டியலில் முதியோருக்கு அந்த முன்னுரிமை கிடைக்கவில்லை. சானிட்டரி நாப்கின் மீதான வரி 2018 ஜூலையில் அடியோடு நீங்கியது. முதியோர் அணியும் டயபருக்கான 12 சதவீத வரி, 5 சதவீதமாகக் குறைந்ததோ 2025 செப்டம்பரில்தான். முன்னதற்காக எழுந்த குரல் பின்னதற்காக எழவில்லை.

டயபரால் கசிவு குணமாவதும் இல்லை. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் விவரித்த பயிற்சிக்குச் செலவே கிடையாது. சிறுநீரை அடக்குவதுபோல் தசைகளை இறுக்கித் தளர்த்த வேண்டும். நாள்தோறும் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பலருக்கு இதனால் கசிவு குறைகிறது. சொல்லித்தர ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர் போதும். மூதாட்டியே வாய் திறப்பார் எனக் காத்திராமல், அவர் முதலில் கேட்க வேண்டும்.