மணல் பெயரும் நொடி

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆறு திருவரங்கத்தைத் தீவாக்கிச் செல்கிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். தாழ்ந்த படுகை கொள்ளிடத்துக்கே உரியது. ஆதலால் பெருவெள்ளம் அவ்வழியே வடிகிறது. அப்படுகையில் இரவோடு இரவாக மணல் அள்ளியவர்மீது எழும் குற்றச்சாட்டு எத்தகையது?

சட்டம் இங்கே நுண்ணியதொரு கோடு கிழித்திருக்கிறது. நிலத்தோடு ஒட்டியிருக்கும்வரை மணல் திருட்டுக்குரிய பொருளன்று. நிலத்தினின்று பெயர்ந்த நொடியில் திருட்டுக்குரியதாகிவிடுகிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவில் தந்த இவ்விளக்கம், 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 303ஆம் பிரிவிலும் நீடிக்கிறது. மண்வெட்டி மேலெழும்போதே குற்றம் பிறந்துவிடுகிறது. அதற்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு.

1957ஆம் ஆண்டின் கனிமச் சட்டம் வேறு வாயில். அதன் 21ஆம் பிரிவு 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது, வண்டியும் பறிபோகலாம். ஆனால் அதிகாரம் பெற்ற அலுவலர் எழுத்தால் முறையிட்டாலன்றி நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்காது. ஒரே செயலுக்கு இரு சட்டங்களா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்த்தது: கனிமச் சட்டம் திருட்டு வழக்குக்குத் தடையன்று.

மூன்றாவது, தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம். 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண்ணுடையது. மக்கள் வழக்கில் குண்டர் சட்டம். மணல் குற்றவாளிகளும் பின்னாளில் அதன் பட்டியலில் சேர்ந்தனர். இச்சட்டத்தின்கீழ் ஒருவரை 12 மாதம் வரை காவலில் வைக்கலாம். ஆயினும் இது குற்றச்சாட்டு அன்று, தண்டனையும் அன்று. இனி நிகழக்கூடியதைத் தடுக்கும் காவல். காரணங்களை 5 நாளுக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். போதிய காரணமில்லை என்று அறிவுரைக் கழகம் கருதினால் விடுவித்தாக வேண்டும். கையில் வந்த தாள் முதல் தகவல் அறிக்கையா, குற்றப்பத்திரிகையா, தடுப்புக்காவல் ஆணையா என்று அறியாமல் கலங்கும் குடும்பங்களுக்கு இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்லவேண்டியது கற்றவர் கடமை. கூலிக்கு மண்வெட்டி பிடித்தவரின் வீட்டில்தான் இக்கலக்கம் மிகுதி.

இனி ஆற்றின் கணக்கு. மணற்பரப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வெற்றிடம். அங்கேதான் கோடைநீர் தங்குகிறது. திருச்சி மாநகரின் குடிநீர்க் கிணறுகள் நம்பியிருப்பது அச்சேமிப்பையே. படுகையில் ஆழமாகக் குழி தோண்டினால், பாய்ந்துவரும் நீர் குழியின் மேல்விளிம்பை அரிக்கும். விளிம்பு சரியச் சரியப் பள்ளம் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நகரும். அள்ளிய இடம் ஒன்று, இடியும் இடம் மற்றொன்று. பாலத்தூணை அது எட்டினால் அடித்தளம் வெளிப்பட்டுவிடும். 1934இல் எழுந்த மேட்டூர் அணை மேலிருந்து வரும் மணலைத் தேக்கிக்கொள்வதால் அப்பள்ளம் எளிதில் தூர்வதுமில்லை.

1928இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகத்து வெள்ளத்தில் சரிந்தன. பாலத்தின் முதுமையும் வெள்ளத்தின் விசையும் அதில் உண்டு; மணல் கொள்ளையையும் ஊரார் சுட்டினர்.

தண்டம் ஹெக்டேரை அளக்கிறது, பறிமுதல் வண்டியை எண்ணுகிறது. ஆற்றின் காயமோ ஆழத்தில் இருக்கிறது. மணல் வழக்குப் பதியுந்தோறும் குழியின் ஆழத்தையும், பாலமும் குடிநீர்க் கிணறும் அங்கிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும் அளந்து குற்றப்பத்திரிகையில் எழுதவேண்டும் என்பேன். அதற்குக் கயிறும் கோலும் போதும். அடுத்த வெள்ளம் குழியை மாற்றிவிடுமுன் அளக்கவேண்டும்.